இரட்டையில் ஒன்று

"ஸர்வர்" என்றால் வாளியும் கரண்டியுமாக இலைக்கு இலை சாம்பார் விட்டுக்கொண்டு வருகிற மனிதர்தான் நம்மில் பலருக்கு இன்னும் ஞாபகத்துக்கு வருவார். நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' 1964-ஆம் வருஷம் வெளிவந்தது. அதே 1964-இல்தான் சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஏற்பட்டது. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இன்று அந்தப் பேட்டைக்குள் நுழைந்து ஏதாவதொரு பட்டறையில் "ஸர்வர் எங்கே?" என்று கேட்டால், யாரும் காண்டீன் பக்கம் கையைக் காட்டமாட்டார்கள். மாடிப்படிக்கு அடியிலே, பழைய ரசீதுக் கட்டுகளுக்கும் பாட்டரிப் பெட்டிக்கும் நடுவில், ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டுவார்கள்.

பார்க்கப்போனால் உத்தியோகம் ஒன்றுதான். கூப்பிட்ட குரலுக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கணக்கெழுதும் அம்மாள் பில் கேட்டால் பில். மாடியில் வரைபடம் போடுகிறவர் மூன்று வருஷத்துக்கு முந்திய பல்சக்கரத்தின் அளவைக் கேட்டால் அது. கேட்டதையெல்லாம் அந்தப் பெட்டி எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது? அதற்குள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்ற தட்டிலிருந்து. சற்று முன்யோசனையுள்ள முதலாளியாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக டிஸ்க் போட்டிருப்பார். ஒன்றில் எழுதுவதெல்லாம் அதே கணத்தில் மற்றொன்றிலும் எழுதப்படும். இதைத்தான் 'மிரர்' என்கிறார்கள், அதாவது கண்ணாடி. இரட்டையரில் ஒருவர் காலமாகிவிட்டால் என்ன நடக்கிறது, என்ன நடக்கவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்த இரட்டையர் வம்சத்தின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் செய்தது நினைவிருக்கலாம். அதற்கு மறு வருஷம், 1956 செப்டம்பரில், அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி 'ராமக்' என்ற யந்திரத்தை உலகத்துக்குக் காட்டியது. கம்ப்யூட்டருக்கென்று விற்பனைக்கு வந்த முதல் டிஸ்க் அதில்தான் இருந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கோயில் தேரின் அடுக்குகள் மாதிரி நின்று சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய உருவம் வைத்துக்கொண்ட எழுத்துக்கள் ஐம்பது லட்சம். வாடகை மாதம் 3,200 டாலர். இன்று ஒரு கல்யாண போட்டோ ஐம்பது லட்சம் எழுத்துக்கு இடம் கேட்கிறது!

இதை ஆக்கியவர்களின் தலைவர் ரெய்னால்ட் ஜான்ஸன் என்பவர். அவர் முன்னாளில் பள்ளிக்கூட வாத்தியார். பையன்களின் பரீட்சைத் தாளைத் திருத்தி அலுத்துப்போய், அதைத் திருத்துவதற்கென்றே ஒரு யந்திரம் கண்டுபிடித்து, அதன் மூலம் ஐ.பி.எம்.முக்குள் போனார். வேலைக்கு அலுத்துக்கொள்கிறவர்களை வைய வேண்டாம் என்று எனக்கு இதைப் படித்தபோது தோன்றிற்று.

டிஸ்க் பிறந்தபோதே அதன் மரணமும் கூடப் பிறந்துவிட்டது எனலாம். தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஓர் ஊசிமுனை படாமல் மிதந்து படிக்கிறது, எழுதுகிறது. இன்றைய டிஸ்க்கில் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும். முனைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. இந்த நிலையில் அது பத்து வருஷம் ஓடுகிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு நாள் நின்றுபோவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நின்றுபோகிற ஒன்றை நம்பி பாங்க் நடத்த முடியாது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜேம்ஸ் டிரைபிக் என்பவர். அவர் 1974-இல் கலிபோர்னியாவில் 'டாண்டம்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். டாண்டம் என்றால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். (அம்பத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1949-இல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி பிறந்த ஊர் அது.) ஒருவர் கால் ஓய்ந்தாலும் மற்றவர் மிதிப்பார், வண்டி நிற்காது. டாண்டம் யந்திரத்தில் எல்லாமே ஜோடி. மூளை இரண்டு, மின்சார வழி இரண்டு, டிஸ்க் இரண்டு. ஒன்று பழுதானால் யந்திரத்தை நிறுத்தாமலே கழற்றி மாற்றலாம். 1976-இல் முதல் யந்திரம் வாங்கியது ஒரு பாங்க் என்பதில் வியப்பில்லை. நம் நாட்டிலும் 1995-இல் பம்பாய் பங்குச் சந்தையில் கூச்சல் போட்டு விற்கும் வழக்கம் போய்க் கம்ப்யூட்டர் வியாபாரம் வந்தபோது, அதைத் தாங்கியவை டாண்டம் யந்திரங்களே.

ஆனால் இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். பல்சக்கரம் கடைகிற பட்டறைக்குக் கண்ணாடி டிஸ்க் எப்படி வந்து சேர்ந்தது? அதற்கு வழி செய்தவர்கள் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்ஸன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர். 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: அரண்மனை யானை போல் விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றை வாங்குவானேன்? மேஜைக் கம்ப்யூட்டருக்கு விற்கும் மலிவு டிஸ்க்குகளை வரிசையாகக் கட்டி, ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும்படி ஏற்பாடு செய்தால் போதாதா? இந்த ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் உள்ள ஓர் எழுத்து 'மலிவு' என்பதைக் குறித்தது. டிஸ்க் விற்கும் கம்பெனிகளுக்கு மலிவு என்று சொல்லி விற்பது கௌரவக் குறைவாகப் பட்டதோ என்னவோ, பிற்பாடு அதே எழுத்துக்குத் 'தனித்தியங்கும்' என்று பொருள் சொல்லிவிட்டார்கள்! ரெய்டில் பல படிகள் உண்டு. முதற்படி நம் கண்ணாடி ஜோடி. இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றின் கொள்ளளவையே அனுபவிப்பதால் அந்த மூவரே அதைச் செலவுமிக்க வழி என்றார்கள். டிஸ்க் விலை சரியச் சரிய அந்தச் செலவு ஒரு செலவாகவே இல்லாமல் போயிற்று. கண்ணாடி அம்பத்தூருக்கு வந்தது.

இனி பட்டறைக்கு வருவோம். பெயர் வேண்டாம். ஒரே பட்டறையில் நடந்தது என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். பல இடங்களில் நடப்பதை ஒரே கூரையின் கீழ் கூட்டிவைத்துச் சொல்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு.

இருபது முப்பது ஆட்கள் வேலை பார்க்கும் இடம். ஸர்வர் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் இருப்பவை பட்டறையின் வரைபடங்கள் அத்தனையும், வாடிக்கைக்காரர் பாக்கி, ஒவ்வோர் ஆளின் பிராவிடண்ட் பண்டு கணக்கு. ஒரு நாள் இரட்டையரில் ஒன்று நின்றுபோயிற்று. ஸர்வர் தன் கடமைப்படி 'பீப், பீப்' என்று கூவிற்று. கூவினால் என்ன? பில் வருகிறது, வரைபடம் வருகிறது, எதுவும் நிற்கவில்லை. கண்ணாடியின் பெருமையே அதுதானே! இரண்டு நாள் கூவல் பொறுக்காமல் யாரோ ஒருவர் எதையோ அழுத்தி அதன் வாயை அடைத்தார். மிச்சம் இருந்தது மஞ்சளாக மின்னும் ஒரு சிறு விளக்கு. அப்புறம் ஆயுத பூஜை வந்தது. லேத்துக்கும் டிரில்லிங் யந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்த பையன், ஸர்வரை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் ஒரு பொட்டு வைத்தான். நெற்றி எது என்று தேடியவனுக்கு அந்த விளக்குதான் அகப்பட்டது.

எட்டு மாதம் கழித்து, வேறொரு காரியமாக வந்த சர்வீஸ் இன்ஜினீயர் காய்ந்துபோன சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டுத் திடுக்கிட்டு நின்றான்.

"சார், ஒரு டிஸ்க் போயே போச்சு. எத்தனை நாளா ஒண்ணிலேயே ஓடுது?"

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு தம்பி?" என்றார் முதலாளி.

முதலாளியின் பதிலில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது. ஒற்றை டிஸ்க் வைத்திருக்கிறவன் தன்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று பயந்தாவது இருப்பான். இரண்டு இருப்பதாக நம்பிக்கொண்டு ஒன்றோடு வாழ்கிறவனுக்கு அந்தப் பயமும் கிடையாது. எட்டு மாதமாக அந்தப் பட்டறையின் பன்னிரண்டு வருஷமும் ஒரு கிழட்டுத் தட்டின்மேல் நின்றுகொண்டிருந்தது.

கிழடு என்று சொன்னதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரட்டையர் இருவரும் ஒரே நாளில் வாங்கியவர்கள். அநேகமாக ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். ஒரே வெயில், ஒரே தூசி, ஒரே மின்சார வெட்டு இருவரையும் தாக்கியிருக்கிறது. மூத்தவருக்கு வந்த வியாதி இளையவருக்கு வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2007-இல் ஷ்ரோடர் என்ற அம்மையாரும், பெர்க்லி மூவரில் ஒருவரான அதே கிப்ஸனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் சாவுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர்களின் விளம்பரத் தாளை நம்பினால் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. நிஜத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு சாதாரணமாகப் போயின. சில இடங்களில் பதின்மூன்று வரை போயின. இன்னொன்றும் கண்டார்கள். சாவுகள் சோழி உருட்டினாற்போல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழவில்லை. ஒன்று விழுந்த இடத்தில் அடுத்ததும் சீக்கிரம் விழும் போக்கு இருந்தது.

இன்ஜினீயர் பையனுக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். ஆனால் நிதானம் ஐம்பது வயசு நிதானம். "புது டிஸ்க்கை மாட்டிடு, முடிஞ்சுது" என்ற முதலாளியின் அவசரத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியை அணைக்கவும் விடவில்லை. வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் தட்டு, ஒருமுறை நின்று குளிர்ந்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பது சந்தேகம். வெளியே ஒரு தனி டிஸ்க்கை வைத்து, உயிரோடிருக்கிற தட்டிலிருந்து எல்லாவற்றையும் முதலில் படி எடுக்கத் தொடங்கினான். இது ஏன் என்று கேட்கலாம். புது டிஸ்க்கை மாட்டினால் ஸர்வர் தானாகவே பழையதிலிருந்து புதியதுக்குப் பிரதி எடுத்துவிடுமே?

எடுக்கும். ஆனால் அந்தப் பிரதி எடுக்கும் வேலைதான் கிழவருக்குப் பெரிய சோதனை. அன்றாடம் நாலு பில், இரண்டு வரைபடம் என்று மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தவரைத் திடீரென்று முதல் மூலையிலிருந்து கடைசி மூலை வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்கிறோம். பல வருஷமாக யாரும் தொடாத மூலைகளில் கறை பிடித்திருந்தால் அப்போதுதான் தெரியவரும். விழுந்த டிஸ்க்கை மாற்றும்போது நின்ற டிஸ்க்கும் விழுந்த கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம். ஆகவே முக்கியமானவற்றை முதலில் மெதுவாக வெளியே கொண்டுவந்துவிட வேண்டும்.

பையன் பயந்தது வீணாகவில்லை. படி எடுக்கும்போதே மூன்று கோப்புகள் வர மறுத்தன. இரண்டு பழைய கடிதங்கள். போகட்டும் என்று விட்டார்கள். மூன்றாவது, இன்னமும் மாதாமாதம் ஆர்டர் வருகிற ஒரு பல்சக்கரத்தின் வரைபடம். முதலாளியின் முகம் வெளுத்தது. கடைசியில் லேத் ஓட்டும் பெரியவர், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த எண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குக் கம்ப்யூட்டரிடம் நம்பிக்கை கிடையாது. அந்த வரைபடத்தின் கடைசிப் பிரதி அதுதான்.

அப்புறம்தான் டிஸ்க் மாற்றம். செத்தது எது, உயிரோடிருப்பது எது என்பதை டிஸ்க்கின் மேல் உள்ள எண்ணை ஒப்பிட்டு இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். விளக்கை நம்பி உயிருள்ளதை உருவிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. பழைய அளவில் டிஸ்க் கிடைக்கவில்லை. இரட்டிப்புக் கொள்ளளவில்தான் கிடைத்தது. பெரிதானால் பாதகமில்லை, பாதி சும்மா கிடக்கும். ஒரு இம்மி சிறிதானாலும் ஸர்வர் ஏற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிலிருந்து எதற்கு என்பதில் கவனம் வேண்டும். வெற்றுத் தட்டை மூலமாகவும், நிறைந்த தட்டைப் பிரதியாகவும் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், யந்திரம் சிறிதும் தயங்காமல் வெறுமையைத் துல்லியமாகப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும்.

பிரதி ஓடத் தொடங்கிற்று. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று திரையில் எண் ஊர்ந்தது. எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று மணியில் முடியவேண்டியது. கிழவர் திக்கித் திக்கி ஒப்பித்து விடியற்காலை ஆக்கிவிட்டார்.

இந்த எட்டு மாதத்தையும் அந்த ஓர் இரவையும் எண்ணும்போது எனக்கு ஒரு சோழர் காலத்துச் சமாசாரம் நினைவுக்கு வருகிறது. கொள்ளிடக் கரையில் திருமழபாடி என்ற ஊர். அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்படி ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி, உத்தரவிட்டான். கோயில் சுவர் என்பது அந்தக் காலத்தில் வெறும் சுவரா? யார் எந்த நிலத்தைக் கொடுத்தார், எத்தனை ஆடு கொடுத்தார், எந்த விளக்கு எத்தனை நாள் எரியவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வெட்டியிருக்கும். இடித்தால் பத்திரமும் போகும். ஆகையால் இடிப்பதற்கு முன்னால் கல்வெட்டுகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் படி எடுத்துக்கொண்டார்கள். பிறகு இடித்தார்கள், கட்டினார்கள். புத்தகத்திலிருந்த படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டியது எப்போது தெரியுமா? ராஜராஜன் காலமாகி, அவன் மகன் ராஜேந்திரனுக்கு 14-ஆம் ஆட்சி ஆண்டு நடக்கும்போது, ஏறக்குறைய 1026-இல்.

நடுவே பதின்மூன்று வருஷம். கல் போய்விட்டது, புதுக் கல் பேசத் தொடங்கவில்லை. அந்தக் கோயிலின் சொத்து முழுவதற்கும் சாட்சி அந்தப் புத்தகம். அது பனையோலையாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கொள்ளிடத்து வெள்ளம், கரையான், விளக்கு நெருப்பு, அலட்சியமான ஒரு காரியஸ்தன் என்று எத்தனை சத்துரு! பட்டத்துக்கு வந்த புது ராஜா வடக்கே கங்கை வரை படையனுப்பிக்கொண்டிருந்த காலம் வேறு. அப்படியிருந்தும் யாரோ ஒருவர் அந்தப் படியை மறக்காமல் வைத்திருந்து, கல்தச்சனை வரவழைத்து, வரி வரியாகப் பார்த்து வெட்டவைத்திருக்கிறார். ராஜேந்திரன் கங்கைகொண்டான் என்பதைக் காட்டிலும் இது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. நம் அம்பத்தூர்ப் பையன் செய்ததும் இதே முறைதான்: இடிப்பதற்கு முன் படி, அப்புறம் கட்டிடம், அப்புறம் படியிலிருந்து சுவருக்கு.

கண்ணாடி எல்லாத் துன்பத்துக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. அது பார்த்ததைக் காட்டும். நல்லதையும் காட்டும், கெட்டதையும் காட்டும். கை தவறி ஒரு கோப்பை அழித்தால் அதே விநாடியில் இரட்டையர் இருவரிடமிருந்தும் அது அழியும். 1998-இல் பிக்ஸார் படக் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஓர் உத்தரவைத் தட்டச்சு செய்ய, படத்தின் கோப்புகள் கண்ணெதிரிலேயே மறையத் தொடங்கின. சேமிப்பு நாடாவை எடுத்துப் பார்த்தால் அது ஒரு மாதமாகவே சரியாக வேலை செய்யவில்லை! கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த காலின் ஸஸ்மன் என்ற அம்மாளின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பவை என்பதும் மறக்கக்கூடியதல்ல. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து, யந்திரங்களும் சரக்குகளும் நீரில் நின்றன. மாடிப்படிக்கு அடியில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள் மூத்தவர் வேறு, இளையவர் வேறு என்று தண்ணீர் பார்க்குமா? அந்தப் பேட்டையிலேயே இப்போது டேட்டா சென்டர் என்ற பெயரில் பிரம்மாண்டமான ஸர்வர் மாளிகைகள் எழும்பியிருக்கின்றன. அவற்றில் டிஸ்க் மாற்றுவது தோட்டத்தில் பழுத்த இலையைப் பொறுக்குவது போல அன்றாட வேலை. இரண்டு தெரு தள்ளியுள்ள பட்டறையில் அது பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் கண்டம்.

பட்டறையில், பிழைத்த கிழவருக்கும் அடுத்த வாரமே ஓய்வு கொடுத்துவிட்டு, வேறு கம்பெனியின் டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பெண் எடுக்க வேண்டாம் என்று பையன் சொன்ன யோசனை. செத்த டிஸ்க்கைத் திறந்து பார்த்தார்கள்; உள்ளே இருந்த காந்தம் இப்போது லேத்துக்கடியில் இரும்புத் தூள் பொறுக்குகிறது. ஸர்வரை ஆளுயரப் பலகைக்கு ஏற்றியாயிற்று. அந்த வருஷம் ஆயுத பூஜையில் பொட்டு அதன் முதுகில் வைக்கப்பட்டது.

படி எடுத்த தனி டிஸ்க்கை மட்டும் என்ன செய்வதென்று யோசித்தார்கள். பீரோவில் வைக்கலாம் என்றார் முதலாளி. பீரோவும் இதே கட்டிடத்தில்தானே இருக்கிறது என்றார் கணக்கெழுதும் அம்மாள். இப்போது இரண்டு தனி டிஸ்க்குகள் உண்டு. சனிக்கிழமை தோறும் ஒன்று அந்த அம்மாளின் சாப்பாட்டுப் பையில் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போகிறது. சென்ற வாரத்தது திங்கட்கிழமை திரும்பி வருகிறது. பூந்தமல்லி வீட்டில் அதற்கு இடம், அலமாரியில் கல்யாணப் பட்டுப்புடவைக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில்.